இரண்டாம் மாடியில் நிற்காது

மூச்சு வாங்குகிறதே தம்பி. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படிக் கட்டில் ஓரமாக உட்காருங்க. தண்ணீர் அந்தச் சொம்பில் இருக்கிறது, நீங்களே எடுத்துக் குடிங்க. எழுந்து ஊற்றிக் கொடுக்கிற நிலைமையில் நான் இல்லை. முட்டி இரண்டும் போய்விட்டது. வீட்டுக்குள் இந்தக் கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். படி என்றால் ஒரு படி இறங்க முடியாது.

லிஃப்ட் வைத்த வீட்டுக்கு லிஃப்ட்காரரே படி ஏறி வருகிறார். சிரிங்க, பரவாயில்லை. எனக்கே சிரிப்பு வருகிறது.

என் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை என் வீட்டம்மாவுக்கு வருஷத் திவசம். சங்ககிரி ரோட்டில் நம் தோட்டத்திலேயேதான் அடக்கம் பண்ணியிருக்கிறது. போன வருஷம் அவளைக் கொண்டு போனபோதும் நான் போகவில்லை. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள், அவளைக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நான் இங்கேயே நின்றுவிட்டேன். இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூ மட்டும்தான் தெரிந்தது. இந்த வருஷமாவது போய் அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட வேண்டும். நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குகிறோம் என்றாங்க. உயிரோடு இருக்கிறவரைக்கும் என்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்குகிற நாள் ஒன்று தானாக வரும், அன்றைக்குத் தூக்கட்டும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் இதை ஓட வைத்துக் கொடுங்க. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கீழே குழியில் இறங்கிப் பார்த்தீங்களா? சுத்தமாக இருக்குமே. குழி விஷயத்தில் நான் ஆளை நம்ப மாட்டேன். நம் தொழிலே குழிதான். திருச்செங்கோட்டில் சென்னியப்பன் ரிக் வண்டி என்று கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. போர் போடுகிறது. ராஜஸ்தானில் மணலில் போட்டிருக்கிறேன், தெலுங்கு நாட்டில் பாறையில் போட்டிருக்கிறேன். இந்த பூமியில் நான் போட்ட ஓட்டையை எல்லாம் எண்ணி முடியாது. எந்தக் கல்லாக இருந்தாலும் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், ஓட்டை விழுந்துவிடும்.

ஆயுசு பூராக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தவனுக்கு வயசான காலத்தில் மேலே போய் உட்கார வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஜன்னலைத் திறங்க. தெரிகிறதா மலை? கோயில் விளக்குப் போட்டால் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம். இதற்காகத்தான் மூன்றாம் மாடியில் எனக்கும் அவளுக்கும் என்று கட்டினேன். கீழே வண்டி நிறுத்த இடம், ரிக் ஆபீஸ். முதல் மாடி பெரியவன் லோகுவுக்கு. இரண்டாம் மாடி சின்னவன் யுவராஜுக்கு. பூஜை அறை எங்களோடு மேலே. சாமிக்கு மேலே மனுஷன் புழங்கக் கூடாது இல்லையா.

மூன்று மாடி என்றால் லிஃப்ட் வேண்டும். நான் படிக்காதவன் தம்பி, ஆனால் ஒரு பொருள் வாங்கினால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்க மாட்டேன். லிஃப்ட் பார்க்கவே ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் அலைந்தேன். ஒருத்தர் கண்ணாடிக் குழாய் காட்டினார், காற்றை உறிஞ்சி ஆளைத் தூக்குமாம். ஊறுகாய் பாட்டிலில் போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி உள்ளே நின்றுகொண்டு நான் போக வேண்டுமாக்கும், வேண்டாம் என்றுவிட்டேன். ஒருத்தர் எண்ணெயில் தூக்குகிறதைக் காட்டினார். நம் ரிக் வண்டிக்கு ஜாக்கி கொடுக்கிறோமே, அதே சங்கதிதான். இரண்டு மாடிக்கு அருமை, அதற்கு மேலே நிதானம் ஜாஸ்தி. ஒரு ஓட்டலில் சாப்பாட்டுத் தட்டு மட்டும் ஏறுகிற பெட்டி பார்த்தேன். ஆள் ஏறக் கூடாதாம். ஆசுபத்திரியில் கட்டிலோடு நுழைகிற லிஃப்ட் பார்த்தேன். அதைப் பார்த்ததும் வீட்டம்மா, "அந்த மாதிரி நீளமா ஒண்ணு வெச்சுக்கலாமுங்க, நாளைக்கு ஆகும்"னாள். அபசகுனமாகப் பேசாதே என்று அடக்கிவிட்டேன்.

கடைசியில் மொட்டை மாடியில் மிஷின் வைத்துக் கம்பிக் கயிற்றில் இழுக்கிறதுதான் என்று முடிவு பண்ணினேன். பழைய முறை. கயிறு கண்ணுக்குத் தெரியும், மிஷின் கைக்கு எட்டும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாம். ஆறு பேர் நிற்கலாம். வாஸ்துக்காரரைக் கூப்பிட்டுக் கன்னி மூலையில் குழி வராமல் பார்த்து இடம் போட்டாயிற்று. கதவு தெருப்பக்கம் திறந்தால் வெயில் அடிக்கும் என்று உள்பக்கமாக வைத்தேன். பெட்டிக்குள் கையைப் பிடிக்க ஒரு கம்பி. அவளுக்கு இளைப்பு உண்டு, நின்றால் ஒரு பிடிமானம் வேண்டும். கம்பி அவளுக்காகவே போட்டது. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

நாலு கதவு சொல்லியிருந்தேன். கீழே ஒன்று, மாடிக்கு ஒன்றாக மூன்று. நாலும் வந்து இறங்கிவிட்டது. அப்புறம்தான் யுவராஜ் அந்தக் காரியத்தைப் பண்ணினான்.

ஈரோட்டு ஆசுபத்திரியில் நர்ஸ். பூங்கோதை. கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்து நின்றான். அவங்க ஆளுக வேறு. எந்த ஆளுக என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது மரியாதை இல்லை. நான் சாதி பார்க்கிறவன் கிடையாது. அவளுடைய அப்பனே நம் ரிக் வண்டியில் குழாய் மாட்டுகிற வேலை பார்த்தவன்தான். நல்ல உழைப்பாளி. வண்டியில் போனால் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவன் மட்டும் டயர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். யாரும் போகச் சொன்னதில்லை. அவனாகப் போய்க்கொள்வான், அப்படி ஒரு குணம்.

ஊரில் இந்த மாதிரிக் காரியத்துக்கு என்னென்னவோ பண்ணுகிறாங்க தம்பி. பேப்பரில் பார்க்கிறீங்களே. நான் ஒரு வார்த்தை அதட்டினேனா? வீட்டை விட்டுப் போ என்றேனா? வடக்கே வண்டியைக் கட்டி மேய்க்க யுவராஜை விட்டால் ஆள் இல்லை. உனக்கென்று கட்டின மாடி, நீயே இரு என்றேன். நான் எடுத்தது ஒரு கதவு. ஒரே ஒரு கதவு.

லிஃப்ட் போட வந்தவங்களிடம், இரண்டாம் மாடியில் நிற்காது, அங்கே கதவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவங்க, "எல்லாம் நாலு கதவுக்குன்னு செட் பண்ணி வந்துடுச்சுங்கய்யா"ன்னாங்க. ஒரு கதவைக் குறைப்பதில் என்ன கஷ்டம், கூட்டினால்தானே கஷ்டம் என்றேன். பெட்டிக்குள் இருந்த இரண்டாம் நம்பர் பட்டனைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் ஒரு தகடு வைத்துத் திருகிவிட்டாங்க. ஏதோ ஒயரைச் சேர்த்துக் கட்டினாங்க. ஓடியது. இப்போது அவங்க போனே எடுப்பதில்லை, அது வேறு கதை.

மேஸ்திரி அந்த இடத்தில் செங்கல் வைத்து அடைக்கிறேன் என்றான். செங்கல் வைத்தால் நான் கண்ணை மூடினதும் நாலு அடி அடித்து உடைத்து அவள் கதவு வைத்துக்கொள்வாளே? கம்பி கட்டி காங்கிரீட் போடு என்றேன். நானே நின்று கம்பி கட்ட வைத்தேன். ரிக் வண்டிக்காரன் போட்ட சுவர் தம்பி. சும்மாவா?

என்ன காரணம் என்று யாராவது கேட்டால், பூஜை அறைக்கு நேராகப் போகிற பெட்டி, இதில் தீட்டு, துடக்கு கலக்கக் கூடாது என்பேன். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. யுவராஜ் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வடக்கே வண்டிக்குப் போய்விட்டான். அவள் படியில் ஏறுவாள், இறங்குவாள். உண்டானபோதும் ஏறினாள், இறங்கினாள். கர்ப்பமாக இருக்கிறவங்க நடந்தால் நல்லது என்று டாக்டரே சொல்கிறாங்களே.

காது மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, யார் ஏறுகிறாங்க, எல்லாம் சொல்லுவேன். லிஃப்ட் ஓடுகிற அந்தக் குழாய் வழியாகக் கீழே ஊசி விழுந்தாலும் மேலே கேட்கும். வீட்டம்மா பகலில் பாதி நேரம் முதல் மாடியில்தான் இருப்பாள். எங்கள் தளத்தில் கறி, கருவாடு ஆகாது, அதனால் லோகு வீட்டு அடுப்பில் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். அப்புறம் லிஃப்டில் ஏறி மேலே வருவாள். கதவு திறக்கிற சத்தம் கேட்கும். ஆனால் ஆள் உள்ளே வர வெகு நேரமாகும். படியில் செருப்புச் சத்தம் கீழே போகும், அப்புறம் ரொம்ப நேரம் கழித்து மெதுவாக மேலே வரும். இளைப்புக்காரி, படியில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நான் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை. பெண்டாட்டியை நோண்டி நோண்டிக் கேட்கிற ஆள் நான் இல்லை.

வீட்டம்மா போன அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் கட். காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் விடுவாங்க, உங்களுக்குத் தெரியாததா. எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுப்பு வேலையில் மறந்துவிட்டாள் போல. முதல் மாடியில் ஏறிக் கதவு சாத்தியது எனக்குக் கேட்டது. மேலே கிளம்பியது. கரண்ட் போனது.

நான் பதறவில்லை. பேட்டரி வைத்திருக்கிறது. கரண்ட் போனால் பெட்டி தானாக மெதுவாக நகர்ந்து பக்கத்து மாடிக்குப் போய் நின்று கதவைத் திறந்து விடும். அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். அதே மாதிரி நகர்ந்தது. நின்றது. கதவு திறந்தது. எங்கே திறந்தது? இரண்டாம் மாடியில்.

பட்டனைப் பிடுங்கினாங்களே ஒழிய, அதன் மூளையில் இரண்டாம் மாடி இருந்திருக்கிறது. நீங்கள் தலையாட்டுகிறீங்க. ஆமாம், அதேதான். கதவு திறந்தது, எதிரே என் சுவர்.

முதலில் அவள் வளையலால் தட்டினாள். டக் டக் என்று. அந்தப் பக்கம் பூங்கோதை இருந்தாள். பிள்ளை பெற்று இன்னும் தீட்டுக் கூடக் கழியவில்லை, வீட்டுக்குள்தான் கிடந்தாள். தட்டுகிற சத்தம் கேட்டதும் சுவருக்கு வந்துவிட்டாள். குழவிக் கல்லை எடுத்து இடித்திருக்கிறாள். இடி இடி என்று இடித்தாள், எனக்குக் கட்டில் அதிர்ந்தது. கம்பி கட்டின காங்கிரீட் குழவிக்கு உடையுமா? படித்த பிள்ளைக்கு அது கூடத் தெரியவில்லை பாருங்க. இன்றைக்கும் அந்தச் சுவரில் இரண்டாம் மாடிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். போகும்போது பாருங்க. அவ்வளவுதான் பெயர்ந்தது.

அப்புறம் பேச்சுக் கொடுத்தாள். "அத்தை, உக்காந்துக்குங்க, மூச்சை மெதுவா இழுங்க, மருந்து கையில இருக்குதா"ன்னு. மருந்து, அந்த வாயில் வைத்து அழுத்துகிற பம்பு, வீட்டம்மா முதல் மாடி அடுப்படியிலேயே விட்டுவிட்டாள். பூங்கோதையிடம் ஒன்று இருந்ததாம், அத்தைக்கு என்று வாங்கி வைத்திருந்தாளாம். சுவரில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிற்பாடு லோகுவிடம் சொல்லியிருக்கிறாள். ஓட்டைக்கு அந்த நேரத்தில் யார் எங்கே போவது? சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறது.

ஆனால் தம்பி, நான் சொல்ல வந்தது அது இல்லை. என் வீட்டம்மா பேசினாள். மூச்சு இல்லாத குரல். குழாய் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன சொன்னாள் தெரியுமா?

"பூங்கோதை, இருக்கியா கண்ணு? கதவைத் தொறடா கண்ணு."

கேட்டீங்களா. நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன். கட்டின புருஷன். அவளுக்கென்று கம்பி வைத்து லிஃப்ட் போட்டவன். என் பெயரைச் சொல்லக் கூடாது, சரி. "ஏனுங்க"ன்னு ஒரு வார்த்தை? நேற்று வந்தவளைக் கண்ணு என்கிறாள். அவளிடம் கதவைத் திற என்கிறாள். அவளிடம் ஏது கதவு?

நானும் லிஃப்ட் வாசலில் இந்தக் கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பாவாயி என்று கூப்பிட்டால் கேட்டிருக்கும். முதலில் அவள் கூப்பிடட்டும் என்று நின்றேன். கடைசி வரைக்கும் கூப்பிடவில்லை தம்பி. ஒரு வருஷமாகிறது. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அதற்குள் பூங்கோதை ஓடி வந்தாள். என் தளத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. தலைவிரி கோலம். "மாமா, மொட்டை மாடி சாவி குடுங்க, சக்கரத்தைக் கையில சுத்திப் பெட்டியை ஏத்திருவேன், உங்க பையன் எனக்குக் காட்டியிருக்காரு"ங்கிறாள். லோகு ரிக் பட்டறையில், ஜெனரேட்டர் சத்தத்தில் போன் கேட்டிருக்காது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஸ்கூலுக்கு விடப் போயிருந்தாள். சாவி பூஜை அறையில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. இவள் பிள்ளை பெற்ற தீட்டோடு பூஜை அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. யார் கேட்டாலும் அதைத் தெளிவாகச் சொல்லுவேன். போய்த் தலைக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு வா, தருகிறேன் என்றேன். முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அவள் என் முகத்தையே பார்த்தாள். இறங்கி ஓடினாள்.

ஊற்றிக்கொண்டுதான் வந்தாள். அதுவரைக்கும் அவளைக் குறை சொல்ல மாட்டேன். சேலையோடு சொட்டச் சொட்ட வந்து நின்றாள். சாவியைத் தரையில் வைத்தேன். எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். ஈரக் காலோடு படியில் ஓடலாமா? சறுக்கி விழுந்தாள். முட்டி படியில் மோதின சத்தம் எனக்கு இங்கே கேட்டது. தவழ்ந்து போயிருக்கிறாள் போல. மேலே சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது, கிர் கிர் என்று. கீழே வளையல் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

பெட்டி என் தளத்துக்கு வந்தது. வீட்டம்மா அந்தக் கம்பியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குவாளி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இவள் ஒற்றைக் காலில் இறங்கி வந்து நெஞ்சில் கை வைத்து அமுக்கினாள், வாயில் ஊதினாள். நான் தடுக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் தொடாதே, பிடிக்காதே என்று சொல்லக் கூடாது. அந்த அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை உண்டு. லோகு வருகிறவரைக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். லோகுதான் அவள் கையைப் பிடித்து எடுத்துவிட்டான்.

தூக்குவாளியைப் பிறகு திறந்து பார்த்தேன். பூண்டுக் குழம்பு, கருவாடு, குழைய வடித்த சோறு. எனக்கு வயிறு சரியில்லை என்று பத்தியமாகச் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்குப் பிரதோஷம். பிரதோஷத்தில் நான் கருவாடு தொட மாட்டேன், அது அவளுக்கே தெரியும். கரண்ட் கட்டை மறந்தவள் அதையும் மறந்திருப்பாள். எனக்கு இல்லாமல் வேறு யாருக்குக் கொண்டு வருவாள்? நீங்களே சொல்லுங்க. இல்லை, சொல்ல வேண்டாம்.

அப்புறம் லோகு லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டான். அம்மா செத்த பெட்டி என்று அவன் பெண்டாட்டிக்குப் பயம். பிள்ளைகள் படிப்பு என்று ஈரோட்டுக்கே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒரு சமையல்கார அம்மா வைத்தான், மூன்று மாடி ஏற முடியாது என்று அவளும் நின்றுவிட்டாள். யுவராஜ் வடக்கே. இப்போது இந்தக் கட்டிடத்தில் நானும் பூங்கோதையும்தான். அவளும் அந்தப் பிள்ளையும். பெண் பிள்ளை. பாவாயி என்று பெயர் வைத்திருக்கிறாள், என் வீட்டம்மா பெயரை. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது எங்கள் வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதை வைக்க அவள் யார்? கீழே இருந்து பாவாயி, பாவாயி என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்துவிடுவேன். வேண்டுமென்றேதான் கூப்பிடுகிறாள்.

மூன்று வேளையும் சோறு கொண்டு வந்து வாசலில் வைப்பாள். அவள் இறங்கின பிறகு எடுத்துக்கொள்வேன். யார் ஆக்கினது என்று நான் பார்த்தேனா? பார்த்தால்தானே. உப்பு எப்போதும் ஒரு கல் குறைவு. பிரஷருக்கு ஆகாது என்று தானாக முடிவு பண்ணிக்கொள்கிறாள்.

சரி, என் கதை கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்க. கயிறு நன்றாக இருக்கிறதா? மிஷினும்? பின்னே என்ன, போட்டு விடுங்க.

என்னது?

அப்படிச் சொன்னால் எப்படி தம்பி. இரண்டாம் மாடியில் கதவு வைத்தால்தான் ஓட்டிக் கொடுப்பீங்களா? அதன் மூளையை மாற்ற முடியாதா? புதுசு மெட்ராசிலிருந்து வர வேண்டும், திவசத்துக்குள் வராது என்கிறீங்க. வந்தாலும், ஓர் உயிர் போன இடத்தில் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்ட உங்கள் கம்பெனி கையெழுத்துப் போடாது. ம். கதவு கீழேயே இருக்கிறது, பார்த்தீங்களா? வண்டி நிறுத்துகிற இடத்தில் மூலையில் சாத்தி வைத்திருக்கிறது, பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, நல்ல சாமான். காங்கிரீட்டை அறுக்க மிஷின் இருக்கிறதா? இரண்டு நாளில் அறுத்து மாட்டிவிடுவீங்களா? வியாழக்கிழமை நான் இறங்கிவிடலாமா?

இருங்க. யோசிக்கிறேன்.

லோகு கெட்டிக்காரன்தான். அம்மா திவசத்துக்கு அப்பன் வர வேண்டும் என்று ஈரோட்டில் இருந்துகொண்டே உங்களைப் பிடித்து அனுப்பியிருக்கிறான். அவன் முகத்துக்காக ஒரு கதவு வைத்தால்தான் என்ன? சாவி போட்டுத் திறக்கிற மாதிரி வைக்கலாமா? வைக்கலாமா? அப்படியென்றால் சாவி என்னிடம் இருக்கட்டும். சரி, வையுங்க. நாளைக்கே ஆளைக் கொண்டு வாங்க. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து விடுகிறேன். லோகுவுக்கு நான் சரி என்றேன் என்று போன் போட்டுச் சொல்லிடுங்க.

லோகு இல்லையா?

யார் கூப்பிட்டது உங்களை?

அவளா?

என்ன சொன்னாள். இல்லை, அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்க, எனக்கு அந்த வார்த்தை வேண்டும்.

"மாமாவை அத்தைகிட்ட கூட்டிட்டுப் போகணுங்க. எங்க தளத்துல கதவு வெச்சாலும் நான் அதுல ஏறமாட்டேன்னு அவருகிட்ட சொல்லிருங்க, அப்பத்தான் சரின்னுவாரு."

பார்த்தீங்களா திமிரை. நான் கொடுப்பதற்கு முன்னாலேயே எனக்கு வேண்டாம் என்கிறாள். நான் போடுகிற பிச்சை கூட அவளுக்கு வேண்டாம். என் வீட்டம்மாவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போக இவள் யார்? சாகும்போதும் அவளைத்தான் கூப்பிட்டாள், செத்த பிறகும் இவள் வழியாகத்தான் நான் போய்ப் பார்க்க வேண்டுமாக்கும். கதவைத் தொறடா கண்ணு என்றாளே, இன்றைக்கு இவள் அந்தக் கதவைத் திறந்து காட்டப் போகிறாள். நான் சம்மதிக்க வேண்டும். எப்படி இருக்கிறது?

வேண்டாம் தம்பி. அறுக்க வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

யோசித்துத்தான் சொல்கிறேன். நான் போகவில்லை. ஜன்னல் இருக்கிறது. தோட்டம் இங்கிருந்து தெரியாது, ஆனால் அந்தத் திசை தெரியும். திசையைப் பார்த்துக் கும்பிட்டால் போதாதா? பாவாயியும் வருஷம் பூராக் காத்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். வேண்டும் என்றால் இப்போதாவது கூப்பிடட்டும்.

கிளம்பாதீங்க. அவளிடம் நான் மறுத்தேன் என்று சொல்ல வேண்டாம். காங்கிரீட் ரொம்ப உறுதி, அறுத்தால் கட்டிடத்துக்கு ஆகாது என்று சொல்லிடுங்க. படித்த பிள்ளை, நம்பிக்கொள்வாள். படியில் மோதின அவள் முட்டிக்கு அன்றைக்கே கட்டுப் போட்டு வைத்திருக்கலாம். எடுப்பு வேலை, கருமாதி வேலை என்று ஓடிக்கொண்டிருந்தாள், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

கொஞ்சம் பேசாமல் இருங்க. கேட்கிறதா? உங்களுக்குக் கேட்காது. சோறு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு கால் அழுத்தி வைப்பாள், ஒரு கால் இழுத்து வைப்பாள். இடுப்பில் பிள்ளை இருந்தால் திருப்பத்தில் ஒரு தடவை நிற்பாள். இதோ நிற்கிறாள். இந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குப் பசியே எடுக்கிறது, அப்படிப் பழகிவிட்டது. லிஃப்டில் வந்தால் சத்தம் தெரியுமா? திடீரென்று வந்து நிற்பாள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்க தம்பி. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவங்களை வெறும் வயிற்றோடு இந்த வீட்டில் அனுப்பினதே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வாங்க. கூச்சப்படாதீங்க. சோறு இரண்டு பேருக்குப் பற்றாது என்று பார்க்கிறீங்களா? பற்றாவிட்டால் என்ன, இன்னொரு தடவை ஏறச் சொல்கிறேன்.